புளியிட்டு விளக்கிய செப்பு வில்லை

1997 நவம்பர் 13, வியாழக்கிழமை, காலை ஏழு நாற்பதுக்குத் தொலைபேசி ஒலித்தது. செவன் கிங்ஸில் வசித்த என் நண்பர் சவிரிமுத்து அவர்கள் மாரடைப்பால் காலமானார் என்று அவருடைய துணைவியார் றீற்றா அறிவித்தார். நேரத்தைக் குறித்துக்கொண்டேன். பின்னர் சவரம் செய்தேன். இன்று ஒன்பதாம் நாள். இதற்கு மேல் எதையும் உணர்ந்ததாகச் சொல்ல இயலவில்லை.

மன்னாரிலிருந்து வந்த அவருக்கு 1985 இல் வால்தம்ஸ்டோவில் அறிமுகமானேன். மறு ஆண்டு, மண்ணுக்குள் கிடக்கும் பழங்காசுகளைத் தேடுவதற்கென்று, முன்னர் யாரோ பாவித்த உலோக டிடெக்டர் ஒன்றை வாங்கினார். ஞாயிறுதோறும் அவர் பூசை கண்டு வரும்வரை சைவனாகிய நான் தேவாலய வாசலில் காத்திருப்பேன். பிறகு இருவரும் எசெக்ஸ் வயல்களுக்குச் செல்வோம். கமக்காரரின் அனுமதியின்றி அவர் வரம்பில்கூடக் கால் வைத்ததில்லை. கருவி கூவினால் பெரும்பாலும் போத்தல் மூடிதான்.

"கிளாக்கர், எழுதும். பியர் மூடி மூண்டு. எந்த ஆண்டுப் பியர் எண்டும் போடும்" என்பார். எதையும் திகதியோடு குறித்துவைக்கும் என்னை அவர் கிளாக்கர், அதாவது எழுதுவினைஞர், என்றே அழைப்பார்.

1989 ஏப்ரல் 16 அன்று பச்சை படிந்த செப்பு வில்லை ஒன்று கிடைத்தது. சில்லறைக்குத் தட்டுப்பாடு நிலவிய பழங்காலத்தில் கடைக்காரர்கள் தாமே அடித்து வழங்கிய டோக்கன் அது. கடைக்காரரின் பெயர் பாதி தெரிந்தது. மீதியையும் வாசிக்க முடிந்தால், கண்டெடுத்தவர் பெயரோடு பதிவேட்டில் ஏற்றுவதாக நூதனசாலை அலுவலர் ஒருவர் கூறி, நாளும் குறித்துத் தந்தார்.

அகதி விண்ணப்பத்துக்காகக் குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்கு நான்கு ஆண்டுகள் அலைந்தவர் சவிரிமுத்தர். "இந்த நாட்டிலை என்ரை பேர் அகதி ஃபைலிலை மட்டும்தான் கிடக்கு. இதிலையும் ஒருக்கா ஏறட்டும்" என்றார்.

வில்லையைப் பத்திரமாக வைத்திருக்குமாறு என்னிடம் தந்தார். அழுக்கோடு அலுவலர்முன் நீட்டுவது மரியாதையன்று எனக் கருதி, குறித்த நாளுக்கு முதல்நாள் மாலை, குத்துவிளக்கை விளக்குவதுபோலப் புளியும் உப்பும் இட்டுத் தேய்த்தேன். வில்லை பளபளத்தது. எழுத்துகள் போய்விட்டன.

யார் இதைத் துலக்கியது என்று அலுவலர் கேட்டார். நான் வாய் திறக்குமுன் சவிரிமுத்தர், தாமே துலக்கியதாகச் சொன்னார்.

பேருந்தில், "ஏன் அப்பிடிச் சொன்னனீர்?" என்று கேட்டேன்.

"ஒரு திகதி பிழைச்சாலே நீர் மூண்டு நாள் சாப்பிடமாட்டீர். விடும்."

கதை பரவி, அவருக்குப் 'புளியண்ணை' என்ற பட்டம் நிலைத்தது. எட்டு ஆண்டுகள், அதைச் சொல்லிச் சிரித்தவர்களோடு நானும் சிரித்தேன்.

நேற்று, அடக்கம் முடிந்தபின், றீற்றாவிடம் உண்மையைச் சொன்னேன்.

"தெரியும் அண்ணை" என்றார். "அவர் ஒரு நாளாவது தன்ரை கோப்பையைக் கழுவினவரே, காசைக் கழுவ? நான் உங்களைக் கேக்கத்தான் இருந்தனான். கிளாக்கர் தானாச் சொல்லுவார், நீ கேளாதை எண்டவர்."

எனக்கு அழுகை வரவில்லை. மேலங்கியின் பொத்தான்களை மேலிருந்து கீழாகப் பூட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

சவிரிமுத்தரே, 1989 ஏப்ரல் 27, வியாழக்கிழமை, மாலை ஆறு மணிக்கு அந்த வில்லையைத் தேய்த்தவன் நான். உங்களைத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் இதை வாசிக்கட்டும். அந்தப் பட்டத்தை என்னிடம் விட்டுவிட்டு, உங்கள் பெயரோடு போய்வாருங்கள்.