ஒட்டுப் போட்ட கையுறை

ஒரு வயதான அம்மாளுக்கு வயிற்றில் அறுவை. விரல் வீங்கி, கல்யாண மோதிரம் சதைக்குள் புதைந்து கிடந்தது. அறுவைக்கு முன்னால் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்கணும் என்று கத்தரியோடு வந்துவிட்டார்கள். அந்த அம்மாளின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. அறுவை செய்யவிருந்த டாக்டரம்மா கத்தரியை ஓரமாக வைத்தார். தையல் போடும் பட்டுநூலை விரலில் நெருக்கமாகச் சுற்றி, சோப்பு நுரை தடவி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே மோதிரத்தை நூலின்மேல் வழுக்கிக் கழற்றினார். மயக்கம் தெளிந்ததும் அந்த அம்மாள் முதலில் தடவிப் பார்த்தது கையைத்தான். மோதிரம் சுண்டுவிரலுக்கு மாறியிருந்தது, அவ்வளவுதான்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் கையுறைக்காரி. ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் ரப்பர் கையுறையை ஒருமுறை போட்டுத் தூக்கி எறிகிற வசதி இல்லை. கழுவி, காற்று ஊதி, தண்ணீரில் அமுக்குவாள். குமிழி வந்த இடத்தில் ரப்பர்த் துண்டை வெட்டி ஒட்டுவாள். பிறகு பவுடர் தூவி, ஆவியில் வேகவைத்து அடுக்குவாள். அறுவை அறைக்குப் பக்கத்து அறைதான் அவளுக்கு. நடுவில் ஒரு சின்ன ஜன்னல்.

டாக்டரம்மா தையல்காரர் வீட்டுப் பெண். படித்து முடித்ததும், "பிரசவம் பாரும்மா, உனக்கு அது போதும்" என்றார்கள் பெரியவர்கள். அவர் பிரசவமும் பார்த்தார், கத்தியையும் விடவில்லை. இதயத்துக்குள் ஒரு சின்னக் கதவு உண்டு. சிறுவயதில் வருகிற ஒருவகைக் காய்ச்சல் சிலருக்கு அந்தக் கதவின் ஓரங்களை ஒட்டவைத்துவிட்டுப் போகும். அப்புறம் நடந்தால் மூச்சு முட்டும், படுத்தால் இன்னும் முட்டும். துடிக்கிற இதயத்துக்குள் விரலை விட்டே அந்த ஒட்டலைப் பிரிக்கலாம் என்று எங்கோ தூர தேசத்தில் செய்துகாட்டியிருந்தார்கள். இங்கே அதுவரை யாரும் இதயத்தைத் தொட்டதில்லை. அது ஆண்டவன் இருக்கிற இடம், அங்கே கை வைக்கலாமா என்று பயந்தவர்களும் உண்டு.

டாக்டரம்மா கறிக்கடைக்குப் போய் ஆட்டின் இதயத்தை வாங்கி வந்து விரலைப் பழக்கினார்.

"எல்லாரும் ஈரலுக்குச் சண்டை போடுறாங்க. நீங்க மட்டும் இதயம் கேக்குறீங்க. வீட்டுக்காரர் மேல அவ்வளவு ஆசையா?" என்பார் கடைக்காரர்.

"அவருக்குக் குடுக்க வேண்டியதை எப்பவோ குடுத்தாச்சு. இது தொழிலுக்கு."

வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். சட்டியைத் திறந்து பார்த்து ஒருநாள் திடுக்கிட்டுப் போனவர், "தாயே, சாப்பாட்டுச் சட்டி எது, படிப்புச் சட்டி எதுன்னு சொல்லிட்டாவது போ" என்று கும்பிட்டாராம்.

இதய அறுவைக்கு முதலில் மேசையில் படுத்தவன் ஒரு கொத்தனார். இளவயது. பிழைக்கவில்லை. டாக்டரம்மா தானே வெளியே போய் அவன் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்; ஆள் விட்டுச் சொல்லவில்லை. அதன் பிறகு இதயத்தின் பக்கமே போகக்கூடாது என்று மேலிடத்தில் முணுமுணுப்பு. அவரும் அதில் கை வைக்காமல்தான் இருந்தார்.

கையுறைக்காரியின் தங்கைக்கும் அதே கோளாறு. குழாயடியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவர வழியெல்லாம் நின்றுநின்று வருவாள். உதடு நீலம் பூத்துவிடும். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியேதான் தூக்கம்.

"கேளுக்கா, உங்க டாக்டரம்மாகிட்ட."

"வாய மூடுடி. அந்தப் புள்ள போனத நான் கண்ணால பாத்தேன்."

"நான் போயிட்டிருக்கறதையும் தினம் பாத்துட்டுதானே இருக்கே?"

அக்கா போய்க் கேட்டாள்.

டாக்டரம்மா தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "போன தடவை தோத்துட்டேன்மா. இந்தத் தடவை ஜெயிப்பேன்னு சத்தியம் பண்ண மாட்டேன். தெரிஞ்ச வரைக்கும் செய்வேன்."

"ஆண்டவன் இருக்கான் டாக்டரம்மா."

"இருக்கட்டும். அன்னிக்கு எங்கயும் போயிடாம பக்கத்துலயே இருக்கச் சொல்லு."

டாக்டரம்மாவின் சின்னக் கைக்குப் பொருந்தின கையுறை ஒரு ஜோடிதான் இருந்தது. ஆள்காட்டி விரல் நுனி தேய்ந்திருந்தது. கையுறைக்காரி ஜெபம் பண்ணிக்கொண்டே ஒட்டுப் போட்டாள். ஒன்றே போதும். ஆனால் தங்கையின் நெஞ்சுக்குள் போகிற விரல் அல்லவா, அங்கே போய்க் கிழிந்துவிட்டால்? மனசு கேட்கவில்லை. அதன்மேல் இன்னொன்றும் ஒட்டினாள்.

அறுவை அன்று ஜன்னலோரம் நின்றாள். விலா திறந்தது. இதயத்தில் சின்னதாக ஒரு ஓட்டை போட்டார்கள். விரல் உள்ளே போனது.

"தெரியலையே," என்றார் டாக்டரம்மா. "கதவு எங்கன்னே தெரியல. எல்லாம் மொத்தையா இருக்கு."

"நாடி இறங்குதுங்க. மூடிடலாம்," என்றார் மயக்க மருந்து டாக்டர்.

விரலுக்கும் தங்கைக்கும் நடுவில் நிற்பது தான் ஒட்டிய ரப்பர்தான் என்று கையுறைக்காரிக்குப் புரிந்துவிட்டது. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் தங்கையே போய்விடுவாள். ஜன்னலை அடித்துத் திறந்தாள்.

"டாக்டரம்மா! நுனியில ரெண்டு ஒட்டுப் போட்டிருக்கேன்! நான்தான்! வெட்டிப் போடுங்க அதை!"

"யாரது? வெளிய போ!" என்று சீறினார் தலைமை நர்ஸ்.

டாக்டரம்மா திரும்பிப் பார்க்கவில்லை. இதயத்தின் ஓட்டையை ஒரு கையால் கவ்விப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை நீட்டினார். "கத்தரி. நுனியை வெட்டு. ஸ்பிரிட் ஊத்து."

வெறும் விரல் உள்ளே போனது. முகமூடிக்கு மேலே அவர் கண்கள் மெல்லச் சுருங்கின. அது சிரிப்பு என்று கையுறைக்காரிக்குத் தெரியும்.

"இதோ இருக்கே. பொத்தான் ஓட்டை மாதிரி. அப்பா கடையில எத்தனை பாத்திருக்கேன்." விரல் அசைந்தது. "விட்டுடுச்சு. ஒரு பக்கம் விட்டுடுச்சு... ம், இந்தப் பக்கமும்."

"நாடி ஏறுது," என்றார் மயக்க மருந்து டாக்டர்.

கையுறைக்காரி அழுதாளா, ஜெபம் பண்ணினாளா என்று அவளுக்கே தெரியாது.

அவளை வேலையைவிட்டு அனுப்ப வேண்டும் என்று தலைமை நர்ஸ் வந்து நின்றார். கை கழுவிக்கொண்டிருந்த டாக்டரம்மா, "அனுப்பிட்டா எனக்கு யார் கையுறை தருவா?" என்றார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பினார். "இனிமே இதய வேலைக்கு நுனி வெட்டின கையுறை தனியா எடுத்து வை. வெட்டுறது நீதான். ஒட்டுறதுக்கு இருக்கற கைராசி வெட்டுறதுக்கும் இருக்கான்னு பாப்போம்."

அதற்குப் பிறகு அந்த மேசையில் எத்தனையோ பேர் படுத்தார்கள். சிலர் தவறினார்கள், பெரும்பாலோர் நடந்து வீட்டுக்குப் போனார்கள். வேறு ஊர் டாக்டர்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போனார்கள். வெட்டின கையுறையைப் பார்த்து முதலில் சிரித்தார்கள். போகும்போது அதையும் கற்றுக்கொண்டுதான் போனார்கள்.

டாக்டரம்மா வேலையை விட்டு, நோயில் விழுந்து, மூன்றாவது மாடி வீட்டில் படுத்திருந்தபோது அக்காளும் தங்கையும் பார்க்கப் போனார்கள். தங்கை பழக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று ஏறிவிட்டாள். அக்காள் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்தாள். வாத்தியார் நாற்காலி போட்டார். டாக்டரம்மா ஒருத்தி முகத்தையும் இன்னொருத்தி முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டே கிடந்தார். கிளம்பும்போது கையுறைக்காரி குனிந்து அவர் கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

டாக்டரம்மா அவளைப் பக்கத்தில் இழுத்து, ரகசியம் போலச் சொன்னார்:

"இறங்கும்போது தங்கச்சி கையப் பிடிச்சுக்கோம்மா. உனக்குத்தான் மூச்சு வாங்குது."