சிங்கப்பூர்க்காரி பிளேன் ஏறினாளா?

பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளை முந்திக்கொண்டு வெளியேறும் ஒரே ஆசிரியன் நான்தான். இரண்டு மணிக்குத் தொலைக்காட்சியில் தொடர். கல்லடிப் பாலத்துச் சோதனைச் சாவடியில் இறங்கிச் சைக்கிளை உருட்டவேண்டும். அதற்குள் தொடக்கப் பாட்டு முடிந்துவிடும். வீட்டு அலுமாரி நிறைய உலக இலக்கியம் இருந்தது. அதற்கு முதுகைக் காட்டியபடிதான் பார்ப்பேன்.

கதையில் புருசன் சென்னையில், பெண்சாதி சிங்கப்பூரில். என் கதையில் நான் மட்டக்களப்பில், அவள் சுவிசில். மூத்தவனுக்குப் பதினைந்து ஆனதும், இந்தச் சண்டைக்குள் வைத்திருக்கப் பயந்து இரண்டு பிள்ளைகளையும் தன் தமையன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். நிலைமை சரியானதும் வருவதாகப் பேச்சு. நான் பென்சனை நம்பி நின்றுவிட்டேன்.

அவளும் அங்கே அதே தொடரைக் காலையில் பார்ப்பாள். ஞாயிறுகளில் கொமினிகேசன் கடைத் தொலைபேசிக்கு அழைப்பு எடுப்பாள், நான் அங்கே போய்க் காத்திருப்பேன். ஊர் நிலைமையைத் தொலைபேசியில் பேசமுடியாது, யார் கேட்கிறார்களோ. ஆகவே கதையைப் பேசினோம். எங்கள் வீட்டில் ஒருவரும் அழவில்லை. எல்லா அழுகையும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் நடந்தது. நீ எப்போது வருவாய் என்று நான் கேட்டதில்லை.

“சிங்கப்பூர்க்காரி எப்ப வருவா?” என்றுதான் கேட்பேன்.

“வருவா, கொஞ்சம் பொறுங்க.”

ஒரு வியாழக்கிழமை சிங்கப்பூர்க்காரி பெட்டியோடு விமான நிலையத்தில் நின்றாள். வெள்ளிக்கிழமை இங்கே கரண்ட் இல்லை. ஞாயிறு வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

“என்ன மாஸ்டர், ஷேவெல்லாம் எடுத்து வந்திருக்கீங்க? டெலிபோன்ல மூஞ்சி தெரியாதே” என்றார் கடைக்காரர்.

மணி அடித்தது. “ஆள் பிளேன் ஏறிட்டாவா?” என்றேன்.

“இல்லைங்க.”

“ஏன்?”

“புள்ளைகள் பள்ளிக்கூடம் போகுதுகள்தானே. பாசையும் புடிபட்டுட்டு. இனி இழுத்துக்கொண்டு வந்து என்ன செய்யிற?”

சிங்கப்பூர்க்காரிக்குப் பிள்ளையே இல்லை. அதைச் சொல்லித்தான் மாமியார்க்காரி இத்தனை மாதமாக அழுதுகொண்டிருந்தாள்.

“ஓம், அதுவும் சரிதான்” என்றேன். “மறுகா என்ன நடந்தது?”

“மறுகா விளம்பரம் போட்டுட்டானுகள்.”

திங்கட்கிழமை கரண்ட் வந்தது. சிங்கப்பூர்க்காரி சென்னையில் வந்து இறங்கியிருந்தாள். மாமியார் ஆரத்தி எடுத்தாள். சோற்றுக் கோப்பையோடு இருந்து முழுவதையும் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு நான் அதைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், பனிக்குள் நடந்தா போகிறார்கள் என்று கேட்டேன்.