நான் போட்ட ரிவர்ஸ்

குன்னூர் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருபத்தாறு வருஷம் இருந்து, ஃபோர்மேனாக ரிட்டயர் ஆனவன் நான். டீ ஃபேக்டரிகளில் இலையை நறுக்கும் ரோலர் செய்வதும், மழுங்கிப்போன ரோலருக்குப் புதிதாகப் பல் வெட்டுவதும் எங்கள் வேலை. லேத் என்கிற கடைசல் மெஷினில் கை வைக்கப்போகிறவர்கள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். பெருமைப்பட இதில் எதுவும் இல்லை.

1. ஸ்வெட்டர்

லேத் ஓட்டுகிறவன் தொளதொள கைச் சட்டை போடக்கூடாது. சட்டம் போட்ட புண்ணியவான் ஜனவரி மாதம் எங்கள் ஊருக்கு வந்து இரும்பைத் தொட்டுப் பார்க்கவில்லை. விரல் மரத்துப்போகும். "கையை மடிச்சு விட்டுக்கிட்டு ஸ்வெட்டர் போட்டுக்கங்கப்பா" என்று அனுமதித்தது நான்தான். மடித்த கை கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும் என்பதும் எனக்குத் தெரியும்.

2. அந்தக் காலை

ஜெகதளாவிலிருந்து வேலைக்கு வரும் மூர்த்தி, லேத்தில் ஓடுகிற ரோலர் தண்டை வழவழப்பாக்க எமரி தாள் பிடித்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் நின்றேன். இறங்கிய கம்பளிக் கையைத் தண்டு சுருட்டி இழுத்தது.

"அண்ணா, ரிவர்ஸ்! ரிவர்ஸ் போடுங்ணா!"

லீவரை இழுத்து ரிவர்ஸ் போட்டேன். கம்பளி ஒரு நொடி தளர்ந்தது, உடனே மறுபக்கம் சுற்றியது. கையும் கூடவே போனது. கால் பிரேக் என் செருப்புக்கு ஒரு அடி தூரத்தில் இருந்தது.

3. ஆஸ்பத்திரி

"ஒரு பக்கம் முறுக்கியிருந்தா காப்பாத்தியிருக்கலாம். ரெண்டு பக்கமும் முறுக்கியிருக்கு" என்றார் டாக்டர். வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வராந்தாவில் முதலாளி என்னை ஓரமாக அழைத்தார். "சொல்லியும் கேக்காம ஸ்வெட்டரோட வேலை செஞ்சான்னு எழுதிக் குடுத்துருங்க. ரிவர்ஸ் சமாச்சாரம் எதுக்குங்க? உங்களுக்கும் நல்லதில்லீங்க."

சரி என்று தலையாட்டினேன். நான் ஒன்றும் பெரிய உத்தமன் இல்லை.

உள்ளே போனதும் மூர்த்தியின் மனைவி செல்வி என்னைக் கும்பிட்டாள். "நீங்க பக்கத்துல இல்லீன்னா இவரு உசுரே போயிருக்குமுங்ணா."

அந்தக் கும்பிடு தாங்கவில்லை. "இல்ல அம்மிணி, நான் ரிவர்ஸ் போட்டதுலதான் கை போச்சு. பிரேக்கை மிதிச்சிருந்தா நின்னிருக்கும்."

"நாந்தானுங்களே போடச் சொன்னேன்" என்றான் மூர்த்தி, கட்டிலிலிருந்து.

செல்வி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அவருக்கு வலி, கத்துனாரு. உங்களுக்கென்னங்க வந்துச்சு?"

அந்த நொடியில் எனக்குப் பயம் வந்தது, வேறொன்றுமில்லை. ஸ்வெட்டருக்கு அனுமதி கொடுத்ததையும் ரிவர்ஸ் போட்டதையும் என் பெயரிலேயே ரிப்போர்ட்டில் எழுதிக் கொடுத்தேன். முதலாளி அதற்குப்பின் என்னோடு சரியாகப் பேசவில்லை. செல்வியும்தான்.

மெஷினில் மாட்டியவன் ரிவர்ஸ் என்றுதான் கத்துவான். அவன் பேச்சைக் கேட்காதீர்கள். பிரேக்கை மிதியுங்கள்.