மூட்டுக்குள் இல்லாத வளையங்கள்

நிலநடுக்கம் வந்துபோய் ஒன்றரை வருடமாகியும் கம்பிக்காரருக்கு ஓய்வில்லை. தூணும் பீமும் சேரும் மூட்டுகள் ஊர் முழுக்க வாய் பிளந்து கிடந்தன. முட்டுக்கொடுத்து, நொறுங்கிய கான்கிரீட்டைக் கொத்தியெடுத்து, கம்பிகளைச் சுற்றிப் புது வளையம் கட்டி, மறுபடி வார்க்க வேண்டும். அவருடைய தோள்மூட்டுக்கும் அதே கதிதான்; அதைப் பார்க்கத்தான் ஆளில்லை.

அன்று மூன்றாவது மாடியில் ஒரு மூட்டின் கான்கிரீட்டைக் கொத்தித் திறந்தார். உள்ளே பேருக்குக்கூட ஒரு வளையம் இல்லை. பிடிமானம் இல்லாமல் தூண் கம்பிகள் வெளியே பிதுங்கியிருந்தன.

"அடப்பாவி, எவன்டா இதக் கட்டினது?" என்று வாய்விட்டே திட்டினார். மூட்டில் கம்பிகள் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் வளையம் நுழைக்க விரல் தோல் உரியும். அதற்குச் சோம்பல்பட்டு விட்டுவிடுவார்கள். கான்கிரீட் மூடிவிட்டால் யார் பார்க்கப்போகிறார்கள்?

பிறகுதான் பீம் கம்பியைத் தூண் கம்பியோடு பிணைத்திருந்த கட்டுக்கம்பி முடிச்சைக் கவனித்தார். அது இடப்பக்கமாக முறுக்கியிருந்தது. ஊரில் இடதுகையால் முறுக்குகிற ஆள் அவர் ஒருவர்தான். இருபது வருடத்துக்கு முன்னால் எத்தனையோ கட்டடங்களுக்குக் கம்பி கட்டியிருந்தார். இது ஞாபகத்திலேயே இல்லை.

சத்தம் கேட்டு வீட்டுக்கார அம்மா படியேறி வந்தாள். "யாருண்ணே கட்டினது? தெரியுமா?"

கம்பிக்காரர் சாரப் பலகையில் மெல்ல உட்கார்ந்தார்.

"தெரியும்மா. இப்பவாவது ஒழுங்கா கட்டுறானான்னு கொஞ்சம் பக்கத்துலயே நின்னு பாருங்க."