வெறும் வயிற்றில் பதினாறு ஊசி

சீனாவின் செங்டு நகரில் அக்குபங்சர் ஊசி வைத்தியம் பார்க்கும் பான் ஹுய்லிங், இருபது வருஷமாக எல்லோரிடமும் முதலில் கேட்பது ஒன்றே: "சாப்பிட்டியா?" வெறும் வயிற்றில் குத்தினால் மயக்கம் வரும். எடை குறைக்க வந்த மாவ் ஷியூ கூசாமல், "வயிறு முட்ட, அக்கா!" என்றாள்.

பதினாறாவது ஊசி ஏறியதும் அவள் உதடு வெளுத்தது, கை சில்லிட்டது. ஹுய்லிங்குக்கு உயிரே போய் வந்தது. ஊசிகளைச் சரசரவென்று உருவிக் காலைத் தூக்கி வைத்தாள்.

"அடியே, பொய் சொல்லிட்டா படுத்தே? கண்ணைத் திற!"

நாடி நூலாக ஓடியது. ஒரு யுகம் கழித்து இமை அசைந்தது. வெந்நீரில் நாட்டுச்சர்க்கரை கலந்து வாயருகே நீட்டினாள்.

"அக்கா, முதல்ல எடை பாத்துட்டுக் குடிக்கிறேனே!"

வருகிறவர்கள் முதலில் ஏறி நிற்கட்டும் என்று வாசலில் எடை மெஷினை வைத்தவளே ஹுய்லிங்தான். அதில் எடை குறைவாகக் காட்டத்தான் இவள் பட்டினியாக வந்திருக்கிறாள் என்று புரிய, திட்ட வாயெடுத்தவள் மெஷினைத் தூக்கி மறைவாக வைக்கப் போனாள்.