எட்டு நாளைக்கு வாங்கிய அலுமாரி

போன சனிக்கிழமை நிலவறையைத் துப்புரவு செய்தோம். பேர்ண் நகரில் வாடகைக்கு இருப்பவர்களுக்குக் கட்டடத்தின் அடியில் ஆளுக்கொரு மரக்கூண்டு கிடைக்கும். இருபது வருசச் சாமானை அதற்குள் அடைத்துவிட்டு, பிறகு அங்கே போகவே பயந்துகொண்டிருக்கலாம். அடுத்த மாதம் வீடு மாறுகிறோம் என்பதால் மகள் கையுறை போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள். அவள் இங்கே பிறந்து வளர்ந்தவள். வைப்பது, கொடுப்பது, எறிவது என்று மூன்று குவியல் போட்டாள். என்னையும் ஏதாவது ஒரு குவியலில் போட்டுவிடுவாளோ என்று கொஞ்சம் தள்ளியே நின்றேன்.

மூலையிலிருந்து ஒரு காட்போட் பெட்டியை இழுத்துத் திறந்தாள். உள்ளே அரைப் போத்தல் விஸ்கி, இரண்டு பைக்கற் நூடில்ஸ், ஒரு பைக்கற் ரவை, ஏதோ பூட்டின் ஒரு சின்னத் திறப்பு. எதையும் யோசிக்காமல் எறிகிற குவியல் பக்கம் தூக்கினாள். நான் பாய்ந்து பறித்தேன். இந்த வயதில் நான் பாய்வேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"அப்பா, நான் பள்ளிக்கூடம் போக முதலே இந்த நூடில்ஸ் பழுதாப் போயிருக்கும். ஆற்ற சாமான் இது?"

"என்ர" என்றேன். என்னுடையது என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டேன். அன்று முழுக்க எனக்கு ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. கோப்பி போட்டுவிட்டுக் குடிக்க மறந்தேன்.

பெட்டியிலிருந்து பழைய தானிய வாசனை ஒன்று வந்தது. அந்த மண்டபத்தின் பின்னறையிலும் இதே வாசனைதான். லுசேர்ணிலிருந்து ரயிலில் அரை மணி நேரம், ஒரு சின்ன நகரம். பெயர் வேண்டாம். அங்கே முப்பது நாற்பது யூதக் குடும்பங்களுக்கு ஒரு தொழுகைக்கூடமும் அதோடு ஒட்டிய மண்டபமும் இருந்தன. நான் அப்போது அகதி விண்ணப்பக்காரன். ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவுகிற நேரம் போக, கிழமையில் இரண்டு காலை அந்த மண்டபத்தைத் துடைப்பேன். ஃப்ராவ் ப்ளும் என்ற அறுபது வயதுப் பெண்தான் அங்கே செயலாளர், குசினிப் பொறுப்பு, திறப்புக்காரி எல்லாம்.

வசந்தத்தில் பெசாக் வரும். நம்மவர்களில் கிறிஸ்தவர்கள் பாஸ்கா என்று சொல்வது. அவர்களுடைய முன்னோர் எகிப்திலிருந்து விடுதலையாகிப் புறப்பட்ட அவசரத்தில் மா புளிக்க நேரமிருக்கவில்லை. அந்த நினைவாக எட்டு நாள் புளித்த தானியம் எதுவும் ஆகாது. பாண், ரவை, நூடில்ஸ், பியர், விஸ்கி எதுவுமே. குசினி மின்னடுப்புக் கதவின் ரப்பர் விளிம்பைப் பல்துலக்கும் தூரிகையால் உரஞ்சியிருக்கிறேன். என் மத்தியானச் சாப்பாட்டு ரொட்டியை வெளியே வாங்குப் பலகையில், குளிரில் சாப்பிடச் சொல்லிவிடுவார் ஃப்ராவ் ப்ளும். எனக்கு அது பெரிய புதினமாகப் படவில்லை. கந்தசஷ்டிக்கு மீன் காய்ச்சுகிற மச்சச் சட்டியைப் பரணில் ஏற்றிவைத்த வீட்டிலிருந்து வந்தவன் நான்.

ஆனால் சட்டியைப் பரணில் ஏற்றினால் எங்களுக்குக் காரியம் முடிந்தது. இவர்களுக்கு முடியவில்லை. அந்த எட்டு நாளும் அது அவர்களுடைய உடைமையாகவே இருக்கக் கூடாதாம். ஆகவே எல்லாவற்றையும் பின்னறையில் மூன்று அலுமாரிகளில் பூட்டி, யூதரல்லாத ஒருவருக்கு விற்றுவிடுவார்கள். பண்டிகை முடிய அவரிடமிருந்து திரும்ப வாங்குவார்கள். வருசா வருசம் வாங்கிய தபால்காரர் ஊர் மாறிப் போய்விட்டார். நீங்கள் வாங்குவீர்களா என்று ஃப்ராவ் ப்ளும் என்னைக் கேட்டார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இந்த இடத்தில் என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர்தான் எனக்குக் கடிதம் வந்திருந்தது. விசாரணையில் நான் சொன்னவை நம்பத்தகுந்தவையாக இல்லை என்று எழுதியிருந்தார்கள். நடந்ததைத்தான் சொன்னேன், பயத்தில் திகதிகளை முன்பின்னாகச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். மேன்முறையீடு போட்டுவிட்டு, தபால்பெட்டி சத்தம் கேட்டால் படியிறங்கி ஓடித் திரிந்த காலம். என் பெயரில் இந்த நாட்டில் ஒரு சைக்கிள்கூட இல்லை. என்னிடம்தான் இவர் நாற்பது வீட்டு விஸ்கியை விற்க வருகிறார்.

வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்குக் கையெழுத்து என்றார்கள். நான் ஒன்பதரைக்கே போய் நின்றேன். பத்தரைக்கு ராகு காலம் தொடங்குகிறது. ராகு காலத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, பயம் மட்டும் உண்டு. விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டதும் ராகு காலத்தில்தான் என்று பிறகு கலண்டரில் பார்த்திருந்தேன். கையைப் பிசைந்துகொண்டு, அரைகுறை ஜெர்மனில், பத்தரைக்கு முதல் எழுதலாமா, எங்களுக்கு அது கூடாத நேரம் என்று சொன்னேன். பைத்தியக்காரன் என்று நினைக்கப்போகிறார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

ஃப்ராவ் ப்ளும் உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தங்களுக்கும் மத்தியானத்துக்குள் முடிக்க வேண்டிய ஒரு நேரக்கணக்கு இருக்கிறது என்றார். சூரிச்சிலிருந்து ரயிலில் வந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்த யூதக் குருவான ரப்பியை, குடித்து முடிக்கவும் விடாமல் எழுப்பிக்கொண்டு வந்தார். பத்து இருபதுக்குக் கையெழுத்து வைத்தேன். என் நீட்டுப் பெயர் கோட்டைத் தாண்டித் தாளின் ஓரத்தில் ஏறியது. முன்பணமாக ஒரு நாணயம் கொடுத்து, ரப்பி நீட்டிய கைக்குட்டையின் நுனியைப் பிடித்து இழுத்தேன். விற்பனை உறுதியானதற்கு அது அடையாளம். அதற்கு முன்னர் அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இது விளையாட்டில்லை, உண்மையான விற்பனை என்று விளங்கித்தான் வாங்குகிறீர்களா என்று. ஓம், விளங்குது என்றேன். அவர் நம்பினார். பல மணித்தியாலம் கதைத்தும் நம்பாத நாட்டில் ஒரு சொல்லில் நம்பிய மனிதர். எனக்குக் கண் கலங்கியது, தும்மல் வருவதாக நடித்தேன்.

பிறகுதான் அந்தரம் தொடங்கியது. திறப்பு என் பொக்கற்றில். உடைமை இல்லாதவனுக்கு உடைமை வந்தால் படுகிற பாடு சொல்லி மாளாது. துப்புரவு இல்லாத நாளிலும் ரயில் ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தேன். என்னோடு அறையில் இருந்த சிவம் வேறு விடவில்லை. "மச்சான், சட்டப்படி உன்ர விஸ்கிதானே? ஈஸ்டர் லீவுக்கு ஒண்டைக் கொண்டாவன்" என்று நச்சரித்தான். அவன் வாயை அடைக்கலாம் என்று, நாலாம் நாள் ஃப்ராவ் ப்ளுமிடம் போய், ஒரு போத்தல் எடுக்கலாமா என்று கேட்டேன்.

அவர் முகம் வெளிறிப்போனது. போத்தலை நினைத்து வெளிறவில்லை.

"நீங்கள் எடுக்கலாம். ஆனால் என்னைக் கேட்கக் கூடாது. கேட்டால் அது இன்னும் என்னுடையது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அப்படியென்றால் நான் நாலு நாளாகப் பெசாக்கை மீறிக்கொண்டிருக்கிறேன்."

நான் நினைத்ததைவிடப் பெரிய சாமானை வாங்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது. அந்தப் பெண்ணின் எட்டு நாளும் என் மனதுக்குள் இருந்தது. நான் வேடிக்கைக்கு வாங்கினால் அவருக்குப் பண்டிகையே இல்லை. மன்னிப்புக் கேட்டு, அது என்னுடையதுதான், எனக்குக் குடிக்க மனமில்லை, அதனால் எடுக்கவில்லை என்று சொன்னேன். அவர் கதிரையில் அமர்ந்து மூச்சுவிட்டார். சிவத்துக்குப் பியர் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன்.

மேன்முறையீடு வென்றது. கலியாணம் கட்டினேன், பேர்ணுக்கு வந்து ஆஸ்பத்திரிக் குசினியில் சேர்ந்தேன், மகள் பிறந்தாள். ஆனாலும் ஒவ்வொரு வசந்தமும் ஃப்ராவ் ப்ளும் தொலைபேசி எடுப்பார். "இந்த முறையும் வாங்குவீர்களா?" என்று கேட்பார். முந்தின வருசம் வாங்கினேன் என்பதற்காக ஓம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார், புதிதாகத்தான் கேட்பார். லீவு போட்டுவிட்டுப் போவேன். இளம் ஆட்கள் சூரிச்சுக்கும் வெளிநாட்டுக்கும் போகப் போக அலுமாரிகள் மூன்றிலிருந்து இரண்டாகி, ஒன்றாகி, மண்டபமும் மூடப்பட்டது. ரப்பி வருவதும் நின்றது. கடைசியில் ஃப்ராவ் ப்ளுமின் வீட்டுக் குசினியில் இருந்த ஒற்றை அலுமாரித் தட்டுத்தான் மிஞ்சியது. அதற்கும் அவர் தாளில் எழுதி, கைக்குட்டையைத் தானே நீட்டினார். நான் நுனியைப் பிடித்து இழுத்தேன்.

அந்த முறை பண்டிகை முடிந்த மறுநாள் வழக்கம்போலத் திறப்போடு போய் மணியை அடித்தேன். அவருடைய மகள் கதவைத் திறந்தாள். ஜெனீவாவில் ஏதோ சர்வதேச அலுவலகத்தில் வேலை. அம்மா ஆறாம் நாள் போய்விட்டா, அடக்கமும் முடிந்தது என்றாள். நான் வாசலிலேயே நின்றேன். நல்ல பிள்ளைதான், எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். திறப்பைக் கண்டதும் லேசாகச் சிரித்து, "அம்மாவின் அந்த விளையாட்டா?" என்றாள்.

விளையாட்டில்லை என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொல்ல முயன்றேன். இதை நீங்கள் திரும்ப வாங்க வேண்டும், ஒரு நிமிசம்தான், என் கைக்குட்டையின் நுனியைப் பிடித்தால் போதும் என்றேன். அவள் கைத்தொலைபேசியைப் பார்த்தாள். இரண்டு மணிக்கு வீடு வெறுமையாக்குகிற ஆட்கள் வருகிறார்கள், எல்லாவற்றையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். என்னுடையதை எனக்கே தருகிறாள். சண்டை பிடிக்க நான் யார்? தட்டில் இருந்தவற்றையும் திறப்பையும் ஒரு பெட்டியில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தேன்.

இதை எல்லாம் என் மகளுக்குச் சனிக்கிழமை பின்னேரம்தான் சொல்லி முடித்தேன். கேட்டுவிட்டு, தானே அதை வாங்கலாமோ என்றாள். நீ வாங்கிச் சரிவராது பிள்ளை, அது விற்றவர்களிடமே திரும்பிப் போக வேண்டியது என்றேன். பிறகு போத்தலைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, நாடா ஒட்டி, கொண்டுபோகிற சாமான்களோடு அடுக்கினாள்.

அந்த மண்டபம் இப்போது முதுகுவலிக்கு வைத்தியம் பார்க்கிற இடம். போன வருசம் போய்ப் பார்த்தேன். பின்னறை இருந்த பக்கம் சைக்கிள் தரிப்பிடம். இந்தக் கிழமை மறுபடியும் பெசாக் வருகிறது. தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் நான்தான் முதலில் ஓடுகிறேன், பல் வைத்தியரோ காப்புறுதிக்காரரோ பேசுகிறார்கள். எட்டு நாளைக்கென்று வாங்கினேன், இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. என்னிடமிருந்து திரும்ப வாங்க அந்த ஊரில் இப்போது ஒருவரும் இல்லை.