ஆயில் மூடிக்குப் பூட்டு

ஆறு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர். மரக்காணம் உப்பு வியாபாரி தட்சணாமூர்த்தியின் லாரியில் மீட்டர் நின்றுபோனபோது காட்டிய கணக்கு அது. நின்ற பிறகும் அந்த லாரி பல வருடம் ஓடிவிட்டது. அதில் பாதிக்கு மேல் ஓட்டியவர் கூனிமேடு பக்கீர் முஹம்மது. 2005 கோடையில் அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. அதுவரை அவரை யாரும் திருடன் என்று சொன்னதில்லை.

லாரி ஆயில் குடித்தது. பிஸ்டன் ரிங் தேய்ந்துபோய், டீசலோடு இன்ஜின் ஆயிலும் எரிந்து நீலப் புகையாகப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் வரும் பஸ்காரர்கள் திட்டிக்கொண்டே முந்திப் போவார்கள். உப்பளத்துப் பெண்கள் சைலன்சர் இருக்கும் பக்கம் நிற்கவே மாட்டார்கள். "இன்ஜினை எறக்கி, சிலிண்டரைக் கடைஞ்சு ரிங் மாத்தணும் மொதலாளி" என்று பக்கீர் இரண்டு சீசனாகச் சொல்லிப் பார்த்துவிட்டார். தட்சணாமூர்த்தி காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு வேறொரு விளக்கம் பிடித்திருந்தது.

"ஊத்துற ஆயில்லாம் எங்க பாய் போவுது?"

"புகையாப் போவுதுங்க."

"புகையாப் போவுதா, கூனிமேட்டுல எறங்குதா?"

கேட்ட இடம் உப்பளத்து முனையில் லூர்துமேரியின் டீக்கடை. வேலையாட்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். புதுச்சேரிக்கு லோடு போகும் வழியில் பக்கீர் தினமும் கூனிமேட்டில் வண்டியை நிறுத்துவார். பள்ளிவாசலில் மதியத் தொழுகையான லுஹர் தொழுதுவிட்டு, வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார். ஊரறிந்த விஷயம். அந்த நேரத்தில்தான் ஆயிலை விற்கிறாராம். தொழப் போகிற நேரத்தில்!

மறுநாள் ஆயில் ஊற்றும் மூடியில் கொண்டி பற்றவைத்துப் பூட்டு தொங்கியது. சாவி மொதலாளியின் இடுப்பில். காலையில் அவரே வந்து திறந்து, ஊற்றி, பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவார். பக்கீர் கைகட்டிப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

"பாய், பஜ்ஜி போட ஆயில் கொறையுதாம். லூர்துமேரி அக்காவுக்குக் கொஞ்சம் ஊத்திட்டுப் போயேன்" என்றான் மூட்டை தூக்கும் அசோகன்.

"உன் வாயில ஊத்துறேன், தொற."

கடையே சிரித்தது. பக்கீர் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார்.

பூட்டியும் ஆயில் குறைந்தது. அதோடு பேச்சு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. "மேல பூட்டுனா, கீழ போல்ட்டைக் கழட்டி எறக்குறியா?" என்றார் தட்சணாமூர்த்தி. ரோட்டோரம் லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கொதிக்கிற ஆயிலை டப்பாவில் பிடித்து விற்கிறாராம். கேட்பவனுக்குப் புத்தி வேண்டாமா?

"வண்டிய வுட்டுட்டு வந்துடுங்களேன்" என்றாள் மனைவி மெஹரூன்னிசா.

"இப்ப வுட்டா, மாட்டிக்கினான், ஓடிட்டான்னு சொல்லுவாங்க. எம் பேர அங்கதான் கெடுத்தாங்க. அங்கயே திருப்பி வாங்கிக்கினு வர்றேன்."

அந்த வாரம் ஒருநாள், அனுமந்தை தாண்டும்போது கண்ணாடியைப் பார்த்தார். புகைக்கு நடுவே ஒரு பைக். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்க மொதலாளியே கிளம்பி வந்திருந்தார்.

பக்கீருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கூனிமேடு வந்தது. பள்ளிவாசல் பாங்கு கேட்டது. சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு மெஹரூன்னிசா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பக்கீர் நிறுத்தவில்லை. நிறுத்தினால்தானே விற்றான் என்பார்கள்? ஆக்சிலரேட்டரை மிதித்தார். மிதிக்க மிதிக்கப் புகை திரண்டது. லாரியைக் கண்ணிலிருந்து தவறவிடக் கூடாதென்று பைக்கும் அந்தப் புகைக்குள்ளேயே வந்தது.

புதுச்சேரி குடோனில் மொதலாளி பைக்கை விட்டு இறங்கியபோது அங்கிருந்த ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தட்சணாமூர்த்தியின் முகம் கரிச்சட்டி மாதிரி இருந்தது. சட்டை முழுக்க மிளகைத் தூவியது போல ஆயில் பொட்டு. பக்கீர் இன்ஜினில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துக் காட்டினார். காலையில் மேல்கோட்டில் நின்ற ஆயில் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

"வழியில எங்கனா நிறுத்துனனா?"

"இல்ல."

"கீழ படுத்தனா?"

"வுடு பாய். இன்ஜின்தான் குடிக்குது போல."

"போலவா? உங்க சட்டையிலயே இருக்குதுங்க!"

"அதான் சொல்லிட்டன்ல?"

"எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க? எனக்குத் தெரியாதா? டீக்கடையில வந்து சொல்லுங்க. இதே சட்டையோட."

"சட்டைய மாத்திக்கினு வர்றேனே..."

பக்கீர் லாரிச் சாவியை எடுத்து பைக் சீட்டின் மேல் வைத்தார். லாரி குடோன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. தட்சணாமூர்த்திக்கு லாரி ஓட்டத் தெரியாது.

சாயங்காலம் அதே டீக்கடையில், அதே ஆட்களுக்கு முன்னால், பொட்டு விழுந்த சட்டையோடு நின்று அவர் முனகினார்: "பாய் மேல தப்பு இல்ல."

லூர்துமேரி டீ ஆற்றுவதை நிறுத்தினாள். "என்னா மொதலாளி, அன்னைக்கு நீங்க சொன்னது உப்பளம் பூராக் கேட்டுச்சு. இன்னைக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?"

"பாய் ஆயில் விக்கல!" என்று கத்தினார் தட்சணாமூர்த்தி. அசோகன் தன் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு வழக்கம்போல வந்துடு பாய்."

"மொதல்ல வண்டிய பட்டறைக்கு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு பக்கீர் பஸ் ஏறினார்.

அடுத்த வாரம் லாரி இன்ஜின் இறக்கப் புதுச்சேரி பட்டறைக்குப் போனது. ஓட்டிக்கொண்டு போனது வேறொரு டிரைவர். பக்கீர் முஹம்மது அன்றிலிருந்து கூனிமேட்டில் மீனுக்கு ஐஸ் கொண்டுவரும் வண்டியை ஓட்டினார்.